புது மிருதங்கமா? பழைய மிருதங்கமா?

மகன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:-

"இனிமேல் சொந்த மிருதங்கம் இல்லாமல் பாடம் நடக்காது!"

தகப்பனார் என்ன செய்வார்? சம்பா நெல் விற்ற பணத்தில் கொஞ்சம் எடுத்தார். மஞ்சள் பையில் வைத்தார். மகனை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினார். தஞ்சாவூரில் இறங்கினார்.

சென்ற மாசி மாதம். தஞ்சையில், மிருதங்கம் கட்டுகிற ஒரு பெரியவரின் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தத் தகப்பனாரும் மகனும் வந்தார்கள்.

பெரியவர் 2 மிருதங்கங்களை எடுத்து வைத்தார்.

ஒன்று புதியது. மஞ்சள் நிறம். பளபள என்று இருந்தது.

மற்றொன்று பழையது. கருத்த பழுப்பு நிறம். அங்கங்கே வார் தேய்ந்த தழும்பு.

பையனின் கண் புதியதன் மேல் போயிற்று. தகப்பனார் விலை கேட்டார். பெரியவர் சொன்னார்.

"அப்படியானால் அந்தப் பழசு மலிவாக இருக்குமே, ஐயா?"

"இல்லை, தம்பி. பழசுக்கு இன்னும் கூட!"

தகப்பனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பழைய டிராக்டரைப் புது டிராக்டர் விலைக்கு யாராவது வாங்குவார்களா? இது என்ன அநியாயம்?" என்று கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "டிராக்டர் பழசானால் தேயும். பலாக்கட்டை பழசானால் இறுகும்" என்றார்.

பழையதற்கு விலை அதிகம் என்பது நியாயமா? எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? எதில் பேரம் பேசலாம்? எதில் பேசக் கூடாது?

பிள்ளைக்கு வாத்தியம் வாங்கப் போகும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலாவின் வைரம்

மிருதங்கத்தின் உடம்பு பலா மரம். ஒரே துண்டு மரத்தை உள்ளே குடைந்து செய்கிறார்கள். இதற்குக் "கட்டை" என்று பெயர். தவிலின் உடம்பும் பலாதான். வீணைக்கும் பலாதான்.

பலாவுக்கு ஏன் இந்த மரியாதை?

பலா மரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்தது. அதைக் கரையான் எளிதில் தின்னாது. வெளிப்பகுதி வெள்ளையாக இருக்கும். அதற்கு வலு குறைவு. அதைப் பூச்சி அரிக்கும்.

வெட்டிய புதிதில் மரத்துக்குள் ஈரம் இருக்கும். ஈரம் காயக் காய மரம் சுருங்கும். நன்றாகக் காயாத கட்டையில் அவசரப்பட்டுத் தோலை ஏற்றினால், பிறகு விரிசல் விடலாம். நாதமும் மாறலாம்.

பழைய கட்டையில் இந்தப் பயம் குறைவு. சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்துவிட்டது. விரிசல் விட வேண்டியதாக இருந்தால், முன்பே விட்டிருக்கும். பல கோடையையும் பல மழையையும் பார்த்துத் தேறிய கட்டை அது.

கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. நாகஸ்வரத்துக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே எந்த மரத்தில் செய்கிறார்கள் தெரியுமா? ஆச்சா மரம். அதுவும் புது மரம் அல்ல! பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறை வீட்டைத் தாங்கிய மரம், அதன் பிறகு பாட வருகிறது!

ஆகையால், நல்ல பழைய கட்டைக்கு விலை அதிகம் என்பது ஏமாற்று அல்ல. அது நியாயம்தான்.

எல்லாப் பழசும் தங்கம் அல்ல

ஆனால், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

"இது 60 வருஷத்துக் கட்டை", "இது பெரிய வித்துவான் வாசித்தது" என்று யாராவது சொன்னால் போதும். உடனே பையை அவிழ்த்துவிடுகிறார்கள்.

வயது மட்டும் போதுமா? போதாது. வெள்ளைப் பகுதியில் செய்த கட்டை 100 வருஷம் ஆனாலும் வெள்ளைதான். விரிசல் விட்ட கட்டையில் மெழுகை அடைத்து, மேலே வர்ணம் பூசிக் கொடுப்பவர்களும் உண்டு.

பழையது வாங்கப் போகிறவர்கள் இவற்றைப் பாருங்கள்:-

தோலைக் கழற்றச் சொல்லிக் கட்டையின் உள்ளே பாருங்கள். சிறு துளைகள் இருந்தால் பூச்சி அரித்த அடையாளம்.

கட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஒளி கசியும்.

இரண்டு வாயின் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மேடு பள்ளம் இருந்தால் தோல் சரியாக உட்காராது.

கையில் தூக்கிப் பாருங்கள். வைரம் பாய்ந்த கட்டை கனமாக இருக்கும்.

கடைசியாக, சுருதியைக் கேளுங்கள். நீளமான கட்டை தாழ்ந்த சுருதிக்கு. இதைத் "தக்கு" என்பார்கள். ஏறக்குறைய 24 அங்குலம் இருக்கும். குட்டையான கட்டை உயர்ந்த சுருதிக்கு. இதை "ஹெச்சு" என்பார்கள். ஏறக்குறைய 22 அங்குலம் இருக்கும். ஆண் குரலுக்குப் பொருந்துவது பெண் குரலுக்குப் பொருந்தாது. ஆகவே வாத்தியாரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தால் பழைய கட்டையை வாங்குங்கள். இல்லையென்றால், நன்றாகக் காய்ந்த புதுக் கட்டையே மேல். புதியதும் ஒரு நாள் பழையதாகும் அல்லவா? உங்கள் பேரன் அதை வாசிப்பான்!

தோலுக்கு ஏது வயது?

இதுவரை கட்டையின் கதையைச் சொன்னேன். ஆனால் கட்டை மட்டும் சத்தம் போடுமா? தட்டிப் பாருங்கள். வெறும் மரச் சத்தம்தான் வரும். மிருதங்கத்தைப் பேச வைப்பது தோல்!

ஒரு மிருதங்கத்தில் 3 பிராணிகளின் தோல் சேர்கிறது. பசு, ஆடு, எருமை. வாயை மூடுகிற தட்டுகளுக்குப் பசுத் தோலும் ஆட்டுத் தோலும் வேண்டும். இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டுகிற வாருக்கு எருமைத் தோல் வேண்டும்.

வலது பக்கத்துக்கு "வலந்தலை" என்று பெயர். அதன் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அது எதனால் ஆனது தெரியுமா?

சோற்றால்!

ஆம்! ஒருவகைக் கறுப்புக் கல்லை இடித்து, மாவுபோலத் தூளாக்கி, குழைந்த சோற்றுடன் சேர்த்துப் பிசைகிறார்கள். அந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலின் மேல் வைத்து, வழவழப்பான கல்லால் தேய்க்கிறார்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. மறுபடியும் தேய்ப்பு. இப்படிப் பூச்சின்மேல் பூச்சு. கனம் கொஞ்சம் கூடினாலும் சுருதி கெடும். கொஞ்சம் குறைந்தாலும் கெடும். எங்கே நிறுத்துவது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தேய்க்கிற கைக்கும் கேட்கிற காதுக்கும்தான் தெரியும்.

இடது பக்கத்துக்குத் "தொப்பி" என்று பெயர். அதில் வாசிக்கும் நேரத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுகிறார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

காவிரி நெல் நமக்குச் சோறு போடுகிறது. அதே சோறுதான் மிருதங்கத்துக்கும் குரல் கொடுக்கிறது!

ஆனால் இந்தக் குரல் நிரந்தரம் அல்ல. வாசிக்க வாசிக்கக் கறுப்பு உதிரும். தோல் தளரும். மழைக் காலத்தில் இன்னும் மோசம். மறுபடியும் மறுபடியும் தோலை மாற்ற வேண்டும். கறுப்பை வைக்க வேண்டும். வாரை இழுத்துக் கட்ட வேண்டும்.

கட்டைக்கு 100 வயது இருக்கலாம். அதன் தோலுக்கு 6 மாதம்கூட இராது! "பழைய மிருதங்கம்" என்று நாம் சொல்வது பழைய கட்டையைத்தான். அதன் குரல் எப்போதும் புதியதுதான்.

ஒரு கணக்கு

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது பேச்சுக்காகச் சொல்லும் தொகைதான். ஊருக்கு ஊர் விலை மாறும்.

ஒரு கட்டைக்கு 15,000 ரூபாய் கொடுத்தோம் என்று வையுங்கள். 50 வருஷம் உழைக்கிறது. வருஷத்துக்கு 300 ரூபாய்தான் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை!

தோல் வேலைக்கு ஒரு தடவைக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள். வருஷத்துக்கு 2 தடவை. அதாவது 6,000 ரூபாய். 50 வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய்!

கட்டைக்குக் கொடுத்ததைப்போல் 20 மடங்கு!

அப்படியானால் மிருதங்கத்தின் மதிப்பு எங்கே இருக்கிறது? கட்டையிலா? இல்லை. அதற்கு ஆண்டுதோறும் உயிர் கொடுக்கிற கையில் இருக்கிறது. அந்தக் கை இல்லாமல் போனால், 100 வருஷத்துப் பலாக்கட்டை என்ன ஆகும்? கூடத்தில் வேடிக்கைப் பொருளாக நிற்கும். அவ்வளவுதான்!

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. கடலுக்கு அப்பாலும் இதே கதைதான்.

கியூபா நாட்டில் "கொங்கா" என்று ஒரு மத்தளம் உண்டு. ஆள் இடுப்பு உயரம் இருக்கும். நிற்க வைத்து, இரண்டு கையாலும் தட்டுவார்கள். நமக்கு நெல் நாடு போல, அது கரும்பு நாடு. பீப்பாய் செய்வதுபோல் மரப் பலகைகளைச் சேர்த்து அந்த மத்தளத்தைச் செய்தார்கள். முன் காலத்தில் தோலை ஆணி அடித்துப் பொருத்தி, நெருப்பில் காட்டிச் சுருதி ஏற்றினார்கள். நம் ஊரில் பறையைக் காய்ச்சுவது போலத்தான்! பிறகு இரும்புத் திருகு வந்தது.

1962-ல் அமெரிக்கா, கியூபாவுடன் வியாபாரத்தை நிறுத்தியது. கியூபா மத்தளம் அமெரிக்காவுக்கு வருவது நின்றது. அங்கே உள்ளவர்கள் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1964-ல் மார்ட்டின் கோகன் என்பவர் இதற்கென்றே ஒரு கம்பெனி தொடங்கினார். மரத்தில் மட்டும் அல்ல, கண்ணாடி இழையிலும் கொங்கா வந்தது.

விளைவு என்ன? கியூபாவில் செய்த பழைய மத்தளங்களைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய மரத்துக்கு அங்கேயும் மவுசு!

ஆனால் அந்தப் பழைய மத்தளத்தின் மேல் இருக்கிற தோலும் பழையதா? இல்லை. எத்தனையோ தடவை மாற்றியதுதான். எந்த நாடானாலும் சரி, பழைய மத்தளத்துக்குப் புது உயிர் கொடுக்க ஒரு கைத்தொழிலாளி வேண்டும்!

பெயர் தெரியாத கைகள்

பாலக்காடு மணி ஐயர் (1912 - 1981) என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். மிருதங்க உலகின் மாமேதை. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர்.

பர்லாந்து என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். அவர் தஞ்சாவூர்க்காரர். பல ஆண்டுகள் மணி ஐயருக்கு மிருதங்கம் கட்டிக் கொடுத்தவர். அவருடைய குடும்பமே தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டிய குடும்பம். 2020-ல் பாடகர் டி.எம். கிருஷ்ணா "செபாஸ்டியன் அண்டு சன்ஸ்" என்ற நூலில் இவர்களுடைய கதையை எழுதினார். அதன் பிறகுதான் வெளியில் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்தன.

ஏன் இத்தனை காலம் தெரியவில்லை?

வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தோல் வேலை செய்கிறவரை நம் சமூகம் தள்ளி வைத்தது. மிருதங்கம் கட்டியவர்களில் பலர் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். தோலைத் தொட்ட கையை வாசலில் நிறுத்தினோம். அந்தத் தோலில் பிறந்த நாதத்தைப் பூஜைக்கு உரியது என்று உள்ளே கொண்டுபோனோம். இது நியாயமா?

திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. காவிரிக் கரையில் எத்தனை மிருதங்கங்கள் முழங்குகின்றன! பாடியவர் பெயரைச் சொல்கிறோம். வாசித்தவர் பெயரைச் சொல்கிறோம். கட்டியவர் பெயரை யார் சொல்கிறோம்?

இரும்பும் இழையும்

"இனிமேல் தோலே வேண்டாம். எல்லாம் மெஷினில் வந்துவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள்.

மாற்றம் வரட்டும். அதைத் தடுக்கச் சொல்லவில்லை.

தவிலைப் பாருங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1894 - 1949) வாசித்த காலத்தில், தவிலில் தோல் வார்தான். இழுத்துக் கட்டுவதே பெரிய பாடு. இன்று பெரும்பாலான தவில்களில் இரும்பு வளையமும் திருகும் வந்துவிட்டன. வாசிப்பவரே திருகிச் சுருதி ஏற்றிக்கொள்கிறார். வேலை சுலபம். சத்தமும் கணீர் என்று இருக்கிறது. "வார்த் தவிலின் குழைவு இதில் இல்லையே" என்று வருத்தப்படுகிற பெரியவர்களும் உண்டு.

உமையாள்புரம் சிவராமன் நம் காவிரிக் கரைக்காரர். 2010-ல் பத்ம விபூஷண் பெற்றவர். கண்ணாடி இழையில் மிருதங்கம் செய்து பார்த்தவர் அவர். கட்டைக்குப் பதில் கண்ணாடி இழை. அதனால் மரம் மிச்சம்.

ஆனால் கவனியுங்கள். மரம் போய் இழை வந்தாலும், வார் போய் இரும்பு வந்தாலும், தோலைப் பதமாக ஏற்றும் வேலை போகவில்லை. நாதத்தைக் காதால் அறிந்து ஏற்ற ஒரு மனிதர் வேண்டும்.

பேரம் எதில்?

திண்ணைக்கு மறுபடியும் வருவோம்.

அந்தத் தகப்பனார் யோசித்தார். பையன் வாசித்துப் பார்த்தான். பழைய கட்டையே அவனுக்குப் பிடித்துவிட்டது. சொன்ன விலையை எண்ணிக் கொடுத்தார். கட்டைக்கு அவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை!

"தோல் மட்டும் புதிதாகப் போட வேண்டும், தம்பி. அதற்குக் கூலி தனி" என்று பெரியவர் சொன்னார்.

அப்போதுதான் பேரம் ஆரம்பம் ஆயிற்று!

"என்ன ஐயா, தோலுக்கு இவ்வளவா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் தகப்பனார். பெரியவர் குறைத்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் குறைத்தார்.

அவர்கள் போன பிறகு நான் பெரியவரைக் கேட்டேன்:-

"கட்டை விலையை விடவில்லை. உங்கள் கூலியை மட்டும் விட்டுவிட்டீர்களே, ஐயா?"

அவர் தன் கையைப் பார்த்தார். விரல் எல்லாம் காய்ப்புக் காய்த்திருந்தது.

"கட்டை இன்னொருவரிடம் வாங்கியது, தம்பி. அதில் குறைத்தால் நஷ்டம். கை என்னுடையதுதானே?" என்றார்.

"உங்கள் மகன் இந்த வேலைக்கு வரவில்லையா?"

"அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாதச் சம்பளம் வருகிறது. இங்கே வா என்று எந்த வாயால் கூப்பிடுவது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் வெயிலில் பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. ஆனால் ஒன்று. அவருடைய நெல்லுக்கு வியாபாரி விலையைக் குறைத்தால், அவருடைய வயிறு எரியாதா? "என் உழைப்புக்கு மதிப்பு இல்லையா?" என்று கேட்க மாட்டாரா? அதே கேள்வியைத்தான் அந்தப் பெரியவரின் கையும் கேட்கிறது!

என்ன செய்யலாம்?

நம்மால் முடிந்தவை சில உண்டு.

பழைய கட்டை வாங்கும்போது தாராளமாகப் பேரம் பேசுங்கள். விரிசல் இருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று துருவிப் பாருங்கள். பெரிய பெயரைச் சொல்லி விலையை ஏற்றினால் மயங்காதீர்கள். ஆனால் தோல் வேலைக்குக் கூலி கொடுக்கும்போது கையை இழுக்காதீர்கள்.

மிருதங்கம் கட்டியவர் யார் என்று கேளுங்கள். அவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் அதுவே உங்கள் மிருதங்கத்தின் சரித்திரம்.

பிள்ளையை அந்தப் பட்டறைக்கு அழைத்துப் போங்கள். வேலை நடப்பதை அவன் பார்க்கட்டும். "இவர் கை இல்லாவிட்டால் உன் கைக்கு வேலை இல்லை" என்று சொல்லிக் கொடுங்கள்.

சபாக்காரர்கள், கச்சேரி மேடையில் கட்டியவர் பெயரையும் ஒரு வார்த்தை சொல்லட்டும். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை!

வாசிப்பைக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வோர் இசைப் பள்ளியிலும், வாத்தியம் கட்டும் கலைக்கும் ஓர் ஆசிரியரைச் சம்பளம் கொடுத்து அரசாங்கம் நியமிக்க வேண்டும். அப்படி நடந்தால், திருப்பூருக்குப் போன மகன்களில் சிலராவது திரும்பி வருவார்கள்.

புது மிருதங்கமா, பழைய மிருதங்கமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: கட்டை நன்றாக இருந்தால் எதுவும் நல்லதே! ஆனால் அதைக் கட்டுகிற கை நம் ஊரில் இருக்க வேண்டும். கட்டையைப் பழையதாகத் தேடி வாங்கலாம். அந்தக் கையை எந்தக் கடையிலும் தேடி வாங்க முடியாது!